மாப்ள, அந்த வண்டிய மட்டும் வித்துடாதே

மாப்ள, உங்கம்மா போன்ல அழுவுறா. "அண்ணே, வண்டிக்குப் பத்து வருசக் கெடு முடியப்போவுது. புதுப்பிக்கணும்னா லட்சம் வெள்ளிக்கு மேல ஆவுமாம். கடன் வாங்கப் போறானாம். நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்க"ங்கறா. நான் சொன்னேன், "தங்கச்சி, சிங்கப்பூர் சர்க்காரு அம்பது வருசமா உன் மவன் மாதிரி ஆளுங்களுக்குப் புத்தி சொல்லிப் பாத்து ஓஞ்சு கிடக்குது. மன்னார்குடியிலேருந்து நான் ஒருத்தன் சொல்லியா கேட்டுடப் போறான்?"

ஆனாலும் தாய்மாமனாப் பொறந்து தொலைச்சுட்டேன். தங்கச்சி மவன நாலு வார்த்த நக்கல் பண்ணலேன்னா, நான் செஞ்ச சீருக்கே மரியாதை இல்லாமப் போயிடும். அதனால சொல்றேன், வண்டிய விக்காதே. அது உனக்கு எவ்வளவு அவசியம்னு உன் வீட்டுல ஒரு மாசம் உக்காந்து பாத்தவன் நான்.

நீங்கள்லாம் வேலைக்குப் போனப்புறம் எனக்கு அங்க என்ன சோலி? தமிழ் முரசு பேப்பர விளம்பரம் விடாமப் படிக்கிறது, அப்புறம் புளோக்குக்குக் கீழ இருக்கற கோப்பிக் கடையில போய் உக்காந்துக்கறது. அங்க எனக்கு ஒரு கூட்டாளி கெடச்சாரு, நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரரு. எழுபதுகள்ல லாரி ஓட்டினவரு. உங்க ஊரு காருக்கும் சர்க்காருக்கும் நடந்த சண்டை பூரா அவருக்கு மனப்பாடம். கோப்பி ஓ ஒண்ணு வாங்கிக் குடுத்தாப் போதும், ராமாயணம் மாதிரி காண்டம் காண்டமாச் சொல்லுவாரு.

மொதக் காண்டம் 1975 ஜூன் மாசம். டவுனுக்குள்ள காலை நேரத்துல கார் நுழையணும்னா மூணு வெள்ளி கட்டி ஒரு சீட்டு வாங்கிக் கண்ணாடியில ஒட்டிக்கணும்னு சட்டம் போட்டாங்களாம். நெரிசலுக்குன்னு காசு வசூல் பண்ண மொத ஊரு உலகத்துலயே உங்க ஊருதானாம். எத்தன மணிக்கு ஆரம்பம்னு கேட்டேன். ஏழரையாம்! எந்தப் புண்ணியவான் அந்த நேரத்தக் குறிச்சுக் குடுத்தானோ, கார்க்காரனுக்கு ஏழரை ஆரம்பிச்சது அன்னியிலேருந்துதான்.

அதுல ஒரு சலுகையும் வச்சாங்க. வண்டியில நாலு பேரு இருந்தா சீட்டு வேண்டாம். நாலு காரு வர்ற எடத்துல ஒரு காரு வரட்டுமேங்கற நல்ல எண்ணம். நம்ம ஜனங்க என்ன பண்ணுச்சு தெரியுமா? வண்டிய நேரா பஸ் ஸ்டாப்புக்கு விட்டுச்சு. பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நின்னவங்கள, "டவுனுக்குத்தானே, ஏறுங்க ஏறுங்க"ன்னு மூணு பேர ஏத்திக்கிட்டு, டவுன் எல்லையத் தாண்டினதும் எறக்கி விட்டுடுச்சு. மூணு வெள்ளி மிச்சம். முகம் தெரியாத மூணு பேருக்கு ஓசி சவாரி. வேற கொஞ்சப் பேரு ஏழரைக்கு முன்னாடியே உள்ள போயிடணும்னு ஏழு மணிக்கே அடிச்சுப் புடிச்சு வந்தாங்களாம். "லாரிக்கு அப்ப சீட்டு கிடையாதுங்க, நான் மேல உக்காந்து இந்தக் கூத்தப் பாத்துக்கிட்டே போவேன்"னு சொல்லிட்டுச் சிரிச்சாரு பாரு, அம்பது வருசத்துச் சிரிப்பு அது, இன்னும் ஆறல.

அதுக்கப்புறம் வந்த காண்டமெல்லாம் உனக்கே தெரியும். 1990 மே மாசத்துலேருந்து, காரு வாங்கறதுக்கு முன்னாடி காரு வாங்கிக்கலாம்ங்கற காயிதத்த ஏலத்துல எடுக்கணும். அதுக்குப் பேரு சிஓஇ. ஆயுசு பத்து வருசம். 1991ல சிவப்பு நம்பர் பலகை போட்ட வண்டி வந்துச்சு. வெலை கொறச்சல்தான், ஆனா ராத்திரியிலயும் வாரக் கடைசியிலயும்தான் வெளிய எடுக்கலாம். 1998ல கண்ணாடிச் சீட்ட எடுத்துட்டு ரோட்டுக்கு மேல இரும்பு வளைவு வச்சான். கீழ போனா டிங்குன்னு ஒரு சத்தம், உன் காசு காலி. மலேசியாப் பக்கம் போயி மலிவா பெட்ரோல் ஊத்திக்கிட்டு வந்துடுவானேன்னு, டேங்க்குல முக்கால்வாசி ரொப்பாம எல்லை தாண்டக் கூடாதுன்னான். 2018 பிப்ரவரியிலேருந்து மொத்தக் காரு எண்ணிக்கை ஒண்ணு கூடக் கூடக் கூடாதுன்னுட்டான். ஒரு காரு செத்தாத்தான் இன்னொரு காரு பொறக்கலாம்னு கணக்கு வச்சான்.

சர்க்காரு பக்கமும் நியாயம் இருக்குடா மாப்ள. தீவே ஒரு தாலுக்கா அளவு. அதுல நூத்துக்குப் பன்னெண்டு பங்கு நிலம் ரோடாவே போயிடுச்சு. இதுக்கு மேல ரோடு போட்டா ஆளுங்க எங்க குடியிருக்கறது? இத்தன வேலி போட்டதாலதான் உங்க ஊருல வண்டி நவுருது. அதையும் நான் ஒத்துக்கறேன். இத்தனையும் போட்டு, இன்னும் ஆறு லட்சத்துக்கு மேல காரு அந்தத் தீவுல சுத்திக்கிட்டிருக்குன்னா, மூணு வீட்டுக்கு ஒரு வீட்டுல காரு நிக்குதுன்னா, மனுசன் எதுக்காக இவ்வளவு பாடு படறான்னு யோசிச்சேன். யோசிக்கறதுக்குத் தோதா நீயும் கண்ணெதிர்லயே இருந்தே.

மொதல்ல அந்த ஏலத்தப் பத்திச் சொல்றேன். பேப்பர்ல படிச்சப்ப எனக்கு ஒரு கணக்குப் புரியல. 2023 அக்டோபர்ல பெரிய காருக்கான காயிதம் 150,001 வெள்ளிக்குப் போச்சாம். ஒண்ணரை லட்சம் சரி, அந்தக் கடைசி ஒத்த வெள்ளி எதுக்கு? லாரிக்காரரு வெளக்கினாரு. ஏலத்துல ஜெயிச்சவனெல்லாம் அவனவன் கேட்ட வெலையக் குடுக்க வேண்டாம். தோத்தவங்கள்லயே எவன் ரொம்ப ஜாஸ்தி கேட்டானோ, அவன் கேட்டதுக்கு மேல ஒரு வெள்ளி வச்சுக் குடுத்தாப் போதும். அப்படின்னா எவனோ ஒரு அப்பாவி முழுசா ஒண்ணரை லட்சம் கேட்டுட்டு, ஒத்த வெள்ளியில கோட்ட விட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்கான். அவன் அன்னிக்கி ராத்திரி பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருப்பான்னு நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கல.

இதே காயிதம், சின்னக் காருக்கானது, 2008 நவம்பர்ல ரெண்டே வெள்ளிக்குப் போயிருக்கு. ரெண்டு வெள்ளி! ஒரு தட்டு மீ கோரெங்கூட வாங்க முடியாத காசு. உலகத்துல அப்பப் பண முடை, எவனும் ஏலத்துக்கே வரல. பதினஞ்சு வருசத்துல அது 106,000 ஆயிடுச்சு. காயிதமும் அதே காயிதம், ரோடும் அதே ரோடு.

நம்ம ஊரு பெரிய கொளத்து மீன்பாசி ஏலம் உனக்கு ஞாபகம் இருக்கா? மீனு புடிச்சு விக்கிறதே பொழப்பா வச்சிருக்கறவன் அஞ்சாயிரத்துக்குக் கேப்பான். அவ்வளவுதான் அவன் கணக்குக்குக் கட்டும். அப்பத்தான் மேலத்தெருக்காரனுக்கும் கீழத்தெருக்காரனுக்கும் பழைய வரப்புத் தகராறு ஞாபகத்துக்கு வரும். இவன் பத்துங்கவான், அவன் பதினஞ்சுங்கவான். கடைசில முப்பதுக்கு எடுத்தவன் வீட்டுல மீனே திங்க மாட்டாங்க, சுத்த சைவம். கொளம் பொதுதான், ஏலமும் நேர்மைதான், தண்டோராப் போட்டு ஊரறியத்தான் நடந்துச்சு. ஆனா எதுக்குடா உனக்கு மீனுன்னு கேக்க ஏலத்துல எடமே இல்ல. உங்க ஊரு ஏலமும் அந்த ஒரு கேள்விய மட்டும் கேக்காது. எவ்வளவு தருவேன்னு கேக்கும், எதுக்குன்னு கேக்காது.

அதனால நான் கேட்டேன். வந்த ரெண்டாம் நாளே கேட்டேன், ஞாபகம் இருக்கா? "எதுக்கு மாப்ள காரு? வாசல்ல பஸ்ஸு, பத்தடியில ரயிலு, மழைக்கு நனையாமப் போவ நடைபாதைக்கெல்லாம் கூரை வேற போட்டு வச்சிருக்கான். இருநூறு கிலோமீட்டருக்குக் கூரை போட்டானாமே, நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுல கூரை ஒழுவுது."

நீ டக்குன்னு சொன்னே, "அம்மாவுக்காகத்தான் மாமா. அவங்களுக்கு முட்டி வலி."

ரொம்ப நல்ல பதில். கேட்ட ஒடனே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா மறுநா காலையில ஒங்கம்மாவ பாலிகிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? நான். எதுல? பஸ்ஸுல. முதியோர் அட்டையத் தட்டிட்டு அவ பாட்டுக்கு முன்னாடி சீட்டுல போய் உக்காந்துட்டா. அந்த நேரத்துல காரு எங்க? உன் ஆபீசு இருக்கற ஷென்டன் வே பக்கத்துல ஏதோ ஒரு கட்டடத்துக்குக் கீழ, நாலாவது அடுக்குல, மணிக்கு இத்தன வெள்ளின்னு குளிருல நின்னுக்கிட்டிருந்துச்சு. அம்மாவுக்குன்னு வாங்கின வண்டி வருசத்துல பெரும்பாலான நாளு அம்மாவப் பாக்கறதே இல்ல. டிக்கியத் தொறந்து பாத்தேன், கோல்ஃப் மட்டை இருந்துச்சு. தங்கச்சி எப்பலேருந்து கோல்ஃப் ஆடறான்னு நான் கேக்கல. பெரிய மனுசன், கேக்கக் கூடாது.

சரி, அம்மா வேண்டாம், நேரம்னு சொன்னே. "கார்ல போனா நேரம் மிச்சம் மாமா." அதையும் பாத்தேன். ஞாயித்துக்கிழமை தேக்காவுக்குப் போனோமே, வீரமாகாளியம்மன் கோயிலுக்கு. செங்காங்குல ரயிலேறினா மாறாமக் கொள்ளாம லிட்டில் இந்தியாவுல எறங்கிடலாம்னு உன் பொண்டாட்டி, என் மருமவ, சொன்னா. நீதான் "மாமா நீங்களும் அம்மாவும் ரயில்லயா? கௌரவமா கார்ல வாங்க"ன்னே. பொம்பளைங்களும் நானும் ரயில்ல போனோம், நீ கௌரவத்த மட்டும் கார்ல ஏத்திக்கிட்டு வந்தே. நாங்க அம்மனக் கும்புட்டு, பிரகாரம் சுத்தி, வாழையெலையில சாப்பாடு முடிச்சுக் கைகழுவிட்டு நிக்கிறோம், உங்கிட்டேருந்து போனு. "மாமா, பார்க்கிங் வரிசையில எனக்கு முன்னாடி ஏழு வண்டி இருக்கு." அந்த ஏழு வண்டிக்காரனும் நேரத்த மிச்சம் புடிக்கத்தான் வந்திருப்பான் பாவம்.

அந்த இரும்பு வளைவு விசயத்த இன்னும் சொல்லல. ஒரு நா என்னையும் காலையில ஆபீசு வரைக்கும் கூட்டிட்டுப் போனியே. சிடிஇ ரோட்டுல நல்லா விர்ருன்னு போய்க்கிட்டிருந்த வண்டி, வளைவு கண்ணுக்குத் தெரிஞ்சதும் திடீர்னு நத்தையாயிடுச்சு. டயரு பஞ்சரான்னு பாத்தேன். நீ கடியாரத்தப் பாத்துக்கிட்டிருக்கே. நிமிசம் மாறினாக் கட்டணம் ஒரு வெள்ளி கொறையுதாம். ஒனக்குப் பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான், அதுக்குப் பின்னாடி இருக்கறவன் அடிக்கல, அவனும் கடியாரத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கான். இந்த மாதிரி ஆளுங்களுக்காகவே கட்டணம் மாறற நேரத்துல அஞ்சு நிமிசம் நடுத்தரமா ஒரு கட்டணம் வைக்கிற ஏற்பாடெல்லாம் பண்ணி வச்சிருக்காங்களாம். லட்சம் வெள்ளியக் கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கறவன், ஒரு வெள்ளிக்குக் கண்ணக் கொட்டாமக் காத்திருக்கறத நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

ஜொகூருக்குப் பெட்ரோல் போடப் போனதும் அப்படித்தான். முக்கால் டேங்க் இங்கயே ரொப்பிக்கிட்டுத்தான் தாண்டணும்னு சட்டம். அப்ப அங்க போயி ஊத்தப் போறது எவ்வளவு? கால் டேங்க்கு. அந்தக் கால் டேங்க்குக்காக உட்லண்ட்ஸ் பாலத்துல போவும்போதும் வரும்போதும் நின்னோம் பாரு, எனக்கு நாலு தடவ மூத்திரம் முட்டிடுச்சு. திரும்பி வந்து வண்டிய நிறுத்திட்டு, "மாமா, இருவது வெள்ளி மிச்சம்"ன்னே. ரெண்டு வேளை சாப்பாடும், பிள்ளைங்களுக்கு வாங்கின சாமானும் போவ மிச்சம் எவ்வளவுன்னு நான் கணக்குப் பாக்கல. பண்ணையாரு வீட்டுக் கணக்கு நமக்கெதுக்கு?

இத்தனயும் சொல்றேனே, காரு வச்சிருக்கறவனெல்லாம் ஒன்ன மாதிரின்னு நெனச்சுடாதே. உன் புளோக்குக்கு எதுத்த புளோக்குல ஒரு குடும்பம் இருந்துச்சே, சக்கர நாற்காலியில மாமியா, இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு ரெண்டு குழந்தைங்க. அந்தப் பொண்ணு கோப்பிக் கடையில உக்காந்து எங்கிட்ட ஒரு நா பேசிக்கிட்டிருந்துச்சு. பஸ்ஸுல குழந்தை வண்டிய மடக்காமலே ஏத்தலாம்னு 2017லயே விட்டுட்டாங்க, நல்லதுதான். ஆனா குழந்தை வண்டியும் ஏறி, சக்கர நாற்காலியும் ஏறி, கூட்டத்துல நின்னு, அடுத்த ரயிலுக்கு மாறி, லிஃப்டுக்கு வரிசையில நின்னு ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கெழவிக்கு மூச்சு வாங்கிடுது. வாடகைக்காரு கூப்புடலாம். ஆப்புல வர்ற காருக்குச் சின்னப் பிள்ளைங்களுக்குத் தனி இருக்கை வேணும்னு சட்டம், எல்லா வண்டியிலயும் அது இருக்காது. மழை வந்துட்டா வெலையும் எங்கயோ போயிடும். அவங்களுக்குக் காரு இருந்துச்சு. பத்து வருசம் முடிஞ்சுது, புதுப்பிக்கக் காசு கட்டல, ஒப்படைச்சுட்டாங்க. ஏலத்துல அந்த வெலைய ஏத்தி விட்டது யாரு? கோல்ஃப் மட்டைக்கு எடம் தேடறவனும், வாடகைக்கு ஓட்ட நூறு காரு வாங்கற கம்பெனியும்.

இன்னொருத்தரு, தஞ்சாவூருப் பக்கம்தான், துவாசுல ஷிஃப்ட்டு வேல. தீவோட கிழக்குப் பக்கம் வீடு, மேற்குக் கோடியில வேல. நடுராத்திரிக்கு மேல ரயிலு கிடையாது. பகல்ல போனாக்கூட டவுன் வழியாச் சுத்திக்கிட்டுத்தான் போவணும், ஒண்ணரை மணி நேரம். குறுக்கால போற ரயிலு 2030லதான் வருமாம், அதுவும் மொதக் கட்டம்தான். 2024 செப்டம்பர்ல ஜூரோங் ஈஸ்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் நடுவுல ரயிலு ஆறு நாளு ஓடாமக் கெடந்துச்சே, அப்ப அவரு மாத்து பஸ்ஸுல நின்ன கதையச் சொன்னா நீயே உன் சாவியக் கழட்டிக் குடுத்துடுவே. அவருகிட்ட போயி "காரு எதுக்கு"ன்னு கேட்டா செருப்பால அடிப்பாரு, அடிக்கணும்.

பிள்ளைகுட்டிக்காரங்களுக்குன்னு தனியா ஒதுக்கலாமா, ஒரு வீட்டுல ரெண்டாவது காரு வாங்கறவன்கிட்ட ஜாஸ்தி வாங்கலாமான்னு பார்லிமென்ட்டுலயே பேசியிருக்காங்களாம். பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்த ஆபீசரு உக்காந்து யாருக்கு அவசியம்னு அளக்கறது? ஒன்ன மாதிரி ஒருத்தன் போயி "எங்கம்மாவுக்கு முட்டி வலி சார்"னு சொன்னா அவரு என்ன பண்ணுவாரு? எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாரா, டிக்கியத் தொறந்து பாப்பாரா?

இப்ப நான் நெசமாச் சொல்ல வந்தத சொல்றேன். நீ காரு வாங்கினது அம்மாவுக்காகவும் இல்ல, நேரத்துக்காகவும் இல்ல. ஷென்டன் வேக்காகவும் இல்ல. அங்க அஞ்சு 'சி' வேணும்பாங்களாமே, கேஷ், கிரெடிட் கார்டு, காண்டோ, கன்ட்ரி கிளப்பு, அதுல ஒண்ணு காரு. அதுவும் பெரிசா இல்ல, ஏன்னா மிச்சம் நாலுல உங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு, அதுவும் கடன்ல ஓடுற கார்டு. நீ காரு வாங்கினது மன்னார்குடிக்காக. புளோக்குக்குக் கீழ வண்டிய நிறுத்தி, பானெட்டுல கைய வச்சுக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினே பாரு, அதுக்காக. உங்கப்பா உயிரோட இருந்தப்ப அத டீக்கடைக்கே கொண்டு போயிக் காமிச்சாரு. தரகரு உன் ஜாதகத்த எடுத்துக்கிட்டு நாலு வீடு ஏறினப்ப, "பையன் சிங்கப்பூரு, சொந்தக் காரு"ன்னு சொன்னதுல பவுனு பத்து ஜாஸ்தி பேசலாம்னு கணக்குப் போட்டாங்க. எனக்குத் தெரியாதா, அந்தப் பேச்சுக்கு நடுவுல உக்காந்து வெத்தல மென்னவனே நான்தான்.

ஆனா டீக்கடையில அன்னிக்கி என்ன நடந்துச்சுன்னு உங்கப்பா உங்கிட்ட சொல்லல. போட்டோவ நாலு பேரு வாங்கிப் பாத்தாங்க. "காரு என்ன வெலை?"ன்னாங்க. உங்கப்பா சிஓஇ, வரி, எல்லாத்தயும் சேத்துச் சொன்னாரு. நம்ம ஊரு காசுல கேட்டதும் ஒருத்தன் டீயத் துப்பிட்டான். அப்புறம் இன்னொருத்தன் போட்டோவ கிட்டக்க வச்சுப் பாத்துட்டுச் சொன்னான், "இது அந்தச் சின்ன வண்டிதானே? நம்ம கான்ட்ராக்டரு பையன் இதவிடப் பெரிசு வச்சிருக்கானே, ஏழெட்டு லட்சம்தானே வந்துச்சு." அவ்வளவுதான். காயிதத்துக்கு நீ குடுத்த காசு போட்டோவுல தெரியாது மாப்ள. அந்தக் காயிதத்த ஃப்ரேம் போட்டு மாட்டி அதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாத்தான் உண்டு.

அதுக்காக இப்ப வித்துடலாமா? கூடாது. பத்து வருசம் ஊரறிய வச்சிருந்த காரு இல்லேன்னு ஆனா, அடுத்த மாசமே "பையனுக்கு வேல போயிடுச்சாம்"னு இங்க ஒருத்தன் சொல்லுவான், "அங்க ஏதோ கேஸுல மாட்டிக்கிட்டானாம்"னு இன்னொருத்தன் சொல்லுவான். கண்ணு காது மூக்கு வச்சு அது உங்கம்மா காதுக்கே திரும்பி வரும். காரு இல்லாம இருக்கறது அங்க ஒரு சங்கடமும் இல்ல, பெரிய பெரிய ஆபீசருங்களே ரயில்லதான் போறாங்கன்னு என் மருமவ சொன்னா. இங்க இருக்கறவன் வாய மூடறதுக்குத்தான் நீ லட்சம் வெள்ளி கட்டணும். கட்டு. நம்ம ஊரு வாயோட வெலை கொஞ்சம் ஜாஸ்திதான்.

கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒரு யோசன கேட்டுக்க. புதுப்பிக்கறவன் ஏலத்துக்குப் போவ வேண்டாமாம், முந்தின மூணு மாசத்துச் சராசரி வெலையக் கட்டினாப் போதுமாம். பத்து வருசத்துக்குக் கட்டாதே, அஞ்சு வருசத்துக்குக் கட்டு. காசு பாதிதான். அஞ்சு வருசம் முடிஞ்சா அதோட சரி, மறுபடி நீட்டிக்க முடியாது, வண்டிய ஒப்படைச்சே ஆவணும்னு லாரிக்காரரு சொன்னாரு. அதுதான் நமக்கு வேணும். "நான் வித்தேன்"னு சொல்ல வேண்டாம், "சர்க்காரு புடுங்கிக்கிச்சு"ன்னு சொல்லலாம். சட்டம் அப்படின்னா ஊருல ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். கௌரவத்துக்கும் பங்கமில்ல, கடனும் பாதி.

இன்னொண்ணு. வாங்கினதுலேருந்து அந்த வண்டிய நீதான் ஓட்டறே. என் மருமவ அங்கயே லைசென்சு எடுத்து வச்சிருக்கா, பர்சுல நான் பாத்தேன். அவ தெனமும் ஹார்பர்ஃப்ரன்ட்டுக்கு ரயில்ல நின்னுக்கிட்டே போறா. பிள்ளைய டியூசன்ல விடறதும் அவதான், அதுவும் பஸ்ஸுல. கேட்டா, "அவரு வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தாக்கூட மனசு தாங்க மாட்டாரு மாமா"ங்கறா. அந்த வண்டிக்கு நெசமா அவசியப்படற ஆளு உன் வீட்டுக்குள்ளயே இருக்கா, நீ எதுத்த புளோக்குல தேடவேண்டாம்.

தை மாசம் நான் திரும்ப வர்றேன். தைப்பூசம் பாக்கணும்னு உங்கம்மாவும் கூப்புட்டா. முறுக்கு ரெண்டு டின்னு, அதிரசம் ஒரு டின்னு, உங்கத்த போட்ட நார்த்தங்கா ஊறுகா, பிள்ளைங்களுக்கு வேட்டி பாவாடைன்னு மூட்டை ஏகத்துக்கு இருக்கும். அத்தனயும் தூக்கிக்கிட்டு ரயிலுல நான் மாறி மாறி ஏற முடியாது, அதனால சாங்கி ஏர்போர்ட்டுக்குக் கார அனுப்பு. சாவிய மருமவகிட்ட குடு, அவ ஓட்டிக்கிட்டு வரட்டும். நீ வரணும்னு ஆசைப்பட்டா எம்ஆர்டியில வா. அட்டையில காசு இருக்கான்னு மட்டும் பாத்துக்க.